துண்டுச் சீட்டும் தொலைபேசிக் குரலும்

இரணைமடுக் குளத்தின் நீர்மட்டம் இன்று எத்தனை அடி என்று எமது வகுப்பிலே கேட்டால் பின்வரிசை மாணவனும் தயங்காது விடை சொல்வான். 36 அடி நிறைந்தால் வான் பாயும் என்பதும், எத்தனை அடி நின்றால் சிறுபோகத்துக்கு எவ்வளவு காணி விதைக்கலாம் என்பதும் அவன் வீட்டிலே நாளும் பேசப்படும் செய்திகள். குளத்தின் அளவுகோலை எவரும் சென்று பார்க்கலாம். அதைப் பார்த்து வந்தே பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் கமக்காரர் வாதிடுகின்றனர். அதே மாணவனிடம் உன் வீட்டுக் கடன் எவ்வளவு என்று கேட்டால் அவன் விழிப்பான். அது வியப்பன்று. அவனுடைய தாயைக் கேட்டாலும் அவரும் விழிப்பார் என்பதே நாம் சிந்திக்க வேண்டியது. நீரை அளந்து பங்கிடத் தெரிந்த மக்கள் தம் கடனை அளந்தறிய இயலாதவராய் இருப்பது ஏன்? இக்கேள்விக்குரிய விடை இன்றைய நிகழ்ச்சிகளில் மட்டும் இல்லை. அது நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாற்றிலே வேரூன்றிக் கிடக்கிறது.

அண்மையில் எம் மாணவி ஒருத்தியின் தாயார் பாடசாலைக்கு வந்தார். இரண்டு நாட்களுக்கு முன்னர் அவருக்கு ஓர் அழைப்பு வந்திருந்தது. பேசியவன் தன்னை ஒரு நிதி நிறுவனத்தின் சட்டப் பிரிவைச் சேர்ந்தவன் என்றான். அவருடைய முழுப்பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தின் கடைசி எண்களையும் பிழையின்றிச் சொன்னான். 2017 ஆம் ஆண்டு எடுத்த கடனில் மிகுதி நிற்கிறது என்றும், வட்டியோடு அது 46,000 ரூபாவாகிவிட்டது என்றும், மாலை நான்கு மணிக்குள் 18,000 ரூபா கட்டினால் வழக்கை நிறுத்தலாம் என்றும், தவறினால் காலையில் வாசலிலே பொலிஸ் நிற்கும் என்றும் கூறினான். தொடக்கத்தில் 'அம்மா' என்று மரியாதையாகப் பேசியவன் முடிவில் 'உன் பிள்ளை எந்தப் பாடசாலையில் படிக்கிறாள் என்பதும் தெரியும்' என்று ஒருமையில் அதட்டினான். அவர் மகளின் தோட்டை அடகு வைத்துப் பணத்தை அனுப்பிவிட்டார். மறுநாள் வேறோர் இலக்கத்திலிருந்து மிகுதிப் பணம் கேட்டு மற்றொருவன் அழைத்தான். அதன் பின்னரே அவர் எம்மைத் தேடி வந்தார்.

"அந்தக் கடன் நீங்கள் எடுத்ததுதானா, அம்மா?" என்று கேட்டோம்.

"எடுத்திருப்பம் எண்டுதான் நினைச்சன், சேர். எவ்வளவு எண்டு எப்பவும் அவைதானே சொல்லுறவை" என்றார்.

நாம் விசாரித்தபோது உண்மை தெரிய வந்தது. 2017 இல் அவர் எடுத்த கடன் எப்போதோ கட்டி முடிந்திருந்தது. அழைத்தவனுக்கும் அந்த நிறுவனத்துக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. ஆனால் கடன் தீர்ந்தது என்பதைக் காட்ட ஒரு துண்டுக் கடதாசி கூட அவரிடம் இருக்கவில்லை. இத்தகைய மோசடிகள் நிகழும்போது, படிப்பறிவு போதாமையே காரணம் என்று நகரத்தவர் எளிதில் சொல்லிவிடுவர். அப்படிச் சொல்வது நியாயமாகாது. அந்தத் தாய் எழுதப் படிக்கத் தெரிந்தவர். அவரை ஏமாற்றியது அறியாமை அன்று, நீண்டகாலப் பழக்கம். 'எவ்வளவு என்று அவர்களே சொல்வார்கள்' என்ற அந்த ஒரு வாக்கியத்தில் அவருடைய மூதாதையர் பட்ட வரலாறு முழுவதும் அடங்கியிருக்கிறது.

அவருடைய குடும்பம் 1977 ஆம் ஆண்டு வன்செயலின் பின்னர் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்தது. கிளிநொச்சியைச் சூழ்ந்த குடியேற்றங்கள் பலவற்றில் இவ்வாறு வந்தோரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வாழ்கின்றனர். ஆதலின் இவர்களின் கடன் வரலாறு இரணைமடுவிலே தொடங்கவில்லை. தேயிலைத் தோட்டத்திலே தொடங்குகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் முதலிற் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்குமாகத் திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, புதுக்கோட்டை முதலிய இடங்களிலிருந்து ஏழை உழைப்பாளர் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டனர். கொண்டுவந்தவன் கங்காணி. தோட்டத்துரை கங்காணிக்கு முற்பணம் கொடுப்பார். கங்காணி அப்பணத்தில் வழிச்செலவும் சோறும் கம்பளியும் கொடுத்து, ஊரிலிருந்த பழங்கடன்களையும் அடைத்து, ஆட்களை அழைத்துவருவான். அவ்வளவும் உழைப்பாளியின் பெயரிலே கடனாக ஏறும். தோட்டத்திற் கால்வைக்கும் முன்னரே அவன் கடனாளியாகிவிட்டான். கூலியும் பெரும்பாலும் கங்காணியின் கைவழியே வந்தது. கூலியில் எவ்வளவு கழிக்கப்பட்டது, கடனில் எவ்வளவு குறைந்தது என்பன கங்காணிக்கே வெளிச்சம். இறந்தவனின் கடன் அவனது உறவினர் தலையில் ஏற்றப்பட்டதும் உண்டு.

இம்முறையின் உச்சமாக விளங்கியது துண்டு. கங்காணி ஒருவன் தன் ஆட்களோடு வேறொரு தோட்டத்துக்குப் போக விரும்பினால் துரை ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். இன்ன தொகையைச் செலுத்துவோர் இந்தக் கங்காணியையும் அவனுடைய ஆட்களையும் எடுத்துக்கொள்ளலாம் என்பது அதன் கருத்து. துண்டு என்னும் நம் மொழிச் சொல்லை ஆங்கிலேயரின் அறிக்கைகளும் சட்டங்களும் அப்படியே எடுத்தாண்டன. கங்காணி அச்சீட்டை ஏந்திக்கொண்டு தோட்டந் தோட்டமாகச் செல்வான். ஆட்பஞ்சம் நிலவிய தோட்டம் பழைய கடனைத் தீர்த்து, மேலும் முற்பணம் கொடுத்து அவர்களை எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு மாற்றத்தோடும் கடன் வளர்ந்தது. வளர்ந்த பணத்தைக் கங்காணி பெற்றான். அதைத் தீர்க்கும் சுமை ஆட்களின் முதுகில் ஏறியது.

துண்டு முறையை நோக்குமிடத்து மூன்று உண்மைகள் மனங்கொளத்தக்கன. கடனை எழுதியவர் ஒருவர். எழுதிய சீட்டை வைத்திருந்தவர் மற்றொருவர். கடனைத் தீர்க்க வேண்டியவரோ அச்சீட்டைப் பார்த்ததும் இல்லை. அதிற் கையொப்பமிட்டதும் இல்லை. கடனாளியின் கையில் கணக்கு இல்லாத இடத்திலே மெய்க்கடனுக்கும் பொய்க்கடனுக்கும் வேறுபாடு இல்லை. இக்கட்டுரையில் நாம் வலியுறுத்த விரும்புவது இதுவே.

இம்முறை தானாக ஒழியவில்லை. இந்தியாவிலே எழுந்த எதிர்ப்பும், உழைப்பாளரை இனி இப்படி அனுப்ப இயலாது என்ற நிலைமையும் ஆட்சியாளரை நெருக்கின. 1921 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. 1922 இல் இந்தியா குடியகல்வுச் சட்டம் இயற்றியது. 1927 இல் தோட்டத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. அக்காலத்திலேயே கோ. நடேசய்யர் மலைநாட்டிற் பணியாற்றத் தொடங்கினார். 1931 இல் தோட்டத் தொழிலாளருக்கெனத் தனிச் சம்மேளனம் அமைத்த அவர், பத்திரிகைகளாலும் பிரசுரங்களாலும் தொழிலாளருக்கு அவர்தம் உரிமைகளைத் தமிழிலே எடுத்துரைத்தார். உரிமை இருக்கிறது என்பதை மக்கள் தம் மொழியில் அறிந்தாலன்றிச் சட்டம் காகிதமாகவே கிடக்கும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

துண்டு ஒழிந்த காலத்தை ஒட்டியே, 1902 இல் தொடங்கிய இரணைமடுக் குளத்தின் கட்டுவேலையும் நிறைவெய்தியது. 1936 இல் யாழ்ப்பாணத்தின் சனநெருக்கத்தையும் வேலையின்மையையும் தணிக்கும் நோக்கோடு கிளிநொச்சிக் குடியேற்றம் அமைந்தது. கனகராயன் ஆற்று நீர் வயலுக்கு வந்தது. ஆனால் விதைநெல்லுக்கும் கூலிக்கும் கமக்காரன் கடனையே நம்பினான். நெல்லை முற்கூட்டியே விலைபேசி முடித்தவனுக்குக் களத்திலே எஞ்சியது கொஞ்சம். மலையகத்திலிருந்து பின்னர் வந்தோரிற் பலருக்கு இந்த நீர்ப்பாசன வயல்களும் வாய்க்கவில்லை. மேட்டுக் காணியும் பிறர் வயலிற் கூலியுமே அவர்களின் வாழ்வாயின.

சட்டம் இத்துறையில் முற்றாக உறங்கிக் கிடந்ததென்று சொல்ல முடியாது. 1918 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கப் பணம் கடன் கொடுத்தற் கட்டளைச் சட்டம், கடனுக்காக எழுதும் வாக்குறுதிச் சீட்டிலே உண்மையாகக் கொடுத்த முதல் எவ்வளவு, முன்கூட்டியே கழித்த வட்டி எவ்வளவு, வட்டி வீதம் எவ்வளவு என்பவற்றைத் தனித்தனியே எழுத வேண்டும் என்றது. 1941 ஆம் ஆண்டின் 39 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் கடன் இணக்கச் சபைக்கு வழிசெய்தது. எழுதிக் காட்டு என்பதே இச்சட்டங்களின் சாரம். ஏழையின் வாசல் வரை அச்சாரம் வந்து சேரவில்லை என்பதே குறை.

பின்னர் போர் வந்தது. 2008 இன் இறுதியிலும் 2009 இன் தொடக்கத்திலும் வன்னி மக்கள் வீட்டையும் வயலையும் விட்டுக் கிழக்கு நோக்கி ஓடினர். எஞ்சியோர் செட்டிகுளத்து முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவ்வோட்டத்திலே காணியுறுதி போயிற்று. வங்கிப் புத்தகம் போயிற்று. பிறப்புச் சான்றிதழ் போயிற்று. தம்மைப் பற்றிய எழுத்துச் சான்றுகளை ஒருங்கே இழந்த ஒரு சமூகம் மீண்டும் ஊருக்கு வந்தபோது, அதன் வாசலிலே முதலில் வந்து நின்றவற்றுள் நுண்கடனும் ஒன்று.

கணவனை இழந்தோரும் வருமானம் இழந்தோருமான பெண்கள் குழுக்களாகச் சேர்க்கப்பட்டனர். ஒருத்தி கட்டத் தவறினால் மற்றவர்கள் பொறுப்பு. கிழமைதோறும் சேகரிப்பாளர் வீட்டுக்கே வந்தார். ஒரு கடனைக் கட்ட மற்றொரு கடன், அதைக் கட்ட மீற்றர் வட்டிக்குக் கைமாற்று என்று சுருக்கு இறுகியது. படித்துக் காட்டப்படாத பத்திரங்களிற் கையொப்பமிட்டோர் பலர். 2016 இல் நுண்நிதிச் சட்டம் வந்தும் கொடுமை குறையவில்லை. 2018 இல் வடக்கிலே பெண்கள் வீதியில் இறங்கினர். அவ்வாண்டிலேயே வரட்சியாற் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஓர் இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத நுண்கடன் பெற்றுத் தவணை தவறிய பெண்களுக்கு நிவாரணமும், வட்டிக்கு ஆண்டுக்கு 35 வீத உச்சவரம்பும் அறிவிக்கப்பட்டன. அதே ஆண்டு செப்டெம்பரில் வந்த ஐக்கிய நாடுகள் சபையின் சுயாதீன நிபுணர் ஹுவான் பப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி, கடன் சேகரிப்போரின் தொல்லை பெண்களை எவ்வாறு வதைக்கிறது என்பதைச் சுட்டிக்காட்டினார். 2021 இல் பொலன்னறுவை மாவட்டத்து ஹிங்குராக்கொடையிலே சிங்களப் பெண்கள் இதே கொடுமைக்கெதிராகச் சத்தியாக்கிரகம் இருந்தனர். கடன்காரனின் குரலுக்கு இனமும் இல்லை, மொழியும் இல்லை என்பதை அப்பெண்கள் நமக்கு உணர்த்தினர்.

இப்போது தொலைபேசிக் குரலின் வலிமை எங்கிருந்து வருகிறது என்பது விளங்கும். மோசடிக்காரன் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. கங்காணியும் சேகரிப்பாளரும் தலைமுறை தலைமுறையாக உழுது வைத்த நிலத்திலே அவன் விதைத்துவிட்டுப் போகிறான். கடன் இருப்பது உண்மையாயிருந்த வீட்டிலேதான் பொய்க்கடனும் உண்மைபோல ஒலிக்கிறது.

இது எம் மண்ணுக்கு மட்டும் உரிய நோயன்று. 2012 பெப்ரவரியில் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு இத்தகைய பொய்க்கடன் கும்பல் ஒன்றை நீதிமன்ற வழியாகத் தடுத்து நிறுத்தியது. இந்தியாவிலிருந்து பேசியோர், தம்மைச் சட்ட அதிகாரிகள் என்று கூறி, மக்கள் வாங்காத கடனையும் தமக்குச் சேர வேண்டாத கடனையும் அதட்டி வாங்கினர். 6 இலட்சம் தொலைபேசி இலக்கங்களுக்கு 27 இலட்சத்திற்கு மேற்பட்ட அழைப்புகள் சென்றன என்றும், இரண்டாண்டுக்குட்பட்ட காலத்தில் 50 இலட்சம் டொலருக்கு மேல் பறிக்கப்பட்டது என்றும் அவ்வாணைக்குழு குற்றஞ்சாட்டியது. அங்கும் அகப்பட்டவர்களிற் பலர் முன்னர் சம்பள நாளை நம்பிக் குறுங்கடன் பெற்றோ பெற முயன்றோ இருந்த எளியோர். அந்நாட்டில் 1977 இல் இயற்றப்பட்ட சட்டமொன்று, கடன் சேகரிப்போர் முதல் தொடர்பு கொண்ட ஐந்து நாட்களுக்குள் எவ்வளவு கடன், யாருக்குரிய கடன் என்பதை எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்கிறது. முப்பது நாட்களுக்குள் கடனாளி எழுத்தில் மறுத்தால், சான்று காட்டும் வரை சேகரிப்பை நிறுத்த வேண்டும். 1918 இல் இலங்கைச் சட்டம் வேண்டியதும் 1977 இல் அமெரிக்கச் சட்டம் வேண்டியதும் ஒன்றே: கணக்கு கடனாளியின் கைக்கு வர வேண்டும்.

மறுமுனையில் பேசுவோனைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தொலைபேசி, இணைய மோசடிகளைச் செய்வோர் எல்லோரும் தம் விருப்பத்தாற் செய்பவரல்லர். ஐக்கிய நாடுகள் மனித உரிமை அலுவலகம் 2023 ஓகஸ்டில் வெளியிட்ட அறிக்கை, மியன்மாரிலே குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவிலே ஏறத்தாழ 1,00,000 பேரும் இத்தகைய மோசடி முகாம்களில் வலிந்து வேலை வாங்கப்படலாம் என்று மதிப்பிட்டது. நல்ல வேலை என்று நம்பிச் சென்ற இலங்கை இளைஞரும் மியாவடிப் பகுதியில் அகப்பட்டு 2023, 2024 ஆம் ஆண்டுகளில் மீட்கப்பட்டனர். அம்முகாம்களில் ஆள் ஒருவன் ஒரு கும்பலிடமிருந்து மற்றொன்றுக்கு விலைக்கு மாற்றப்படுகிறான். விடுதலை வேண்டினால் அவன் பெயரில் ஏற்றப்பட்ட தொகையைக் கட்ட வேண்டும். இதுதான் துண்டு. நூறாண்டுக்கு முன் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது வேறொரு காட்டிலே மீண்டும் முளைத்திருக்கிறது. வேலையற்ற வன்னி இளைஞன் இந்த வலையின் இரு முனைகளிலும் அகப்படக்கூடியவன் என்பதை ஆசிரியர்கள் மறக்கலாகாது.

இனி, செய்யவேண்டியது என்ன? குரலை அறிந்துகொள்வது முதலாவது. பொய்க்குரல் அவசரப்படுத்தும், மாலைக்குள், மணிக்குள் என்று காலக்கெடு வைக்கும். பொலிஸையும் நீதிமன்றத்தையும் சொல்லி அச்சுறுத்தும். பணத்தை நிறுவனத்தின் கணக்கிலன்றித் தனியாள் ஒருவரின் கணக்கிலோ கைபேசி இலக்கத்திலோ இடச் சொல்லும். கைபேசிக்கு வந்த இரகசிய எண்ணைக் கேட்கும். கடன் பற்றிய எழுத்துச் சான்றைக் கேட்டால் கோபிக்கும். பெயரும் அடையாள அட்டை இலக்கமும் அதற்குத் தெரிந்திருப்பது எதற்கும் சான்றாகாது. அவற்றை எத்தனையோ படிவங்களில் நாமே எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

இரண்டாவது, உடனே பணம் கட்டாதிருத்தல். எந்த நிறுவனம், ஒப்பந்த இலக்கம் எது, எந்த நாளில் எவ்வளவு முதல் என்று கேட்டு, எழுத்தில் அனுப்புமாறு சொல்லி, அழைப்பைத் துண்டிக்க வேண்டும். பின்னர், அழைத்தவன் தந்த இலக்கத்தை விட்டு, பழைய பற்றுச்சீட்டிலோ கிளை அலுவலகத்திலோ உள்ள இலக்கத்தில் நிறுவனத்தை நேரே விசாரிக்க வேண்டும். கடனைத் திருப்பிக் கட்டாமை குடியியல் விவகாரம். நீதிமன்ற அழைப்பாணை தொலைபேசிக் குரலாக வருவதில்லை. பிணையாளராகக் கையொப்பமிடாத அயலவரோ உறவினரோ பிறர் கடனுக்குப் பொறுப்பாளியும் அல்லர்.

மூன்றாவது, பொது நிறுவனங்களைப் பயன்படுத்தல். 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகத்திடம், வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் தம் பெயரிற் பதிந்துள்ள கடன்களின் அறிக்கையைக் குடிமகன் கேட்டுப் பெறலாம். எல்லாச் சிறு கடன்காரரும் அதில் அடங்கார். எனினும் பெரும் பொய்கள் பல அங்கே வெளிப்படும். மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு 1935 என்ற இலக்கத்தில் முறையிடலாம். பணம் போய்விட்டதாயின் நாணிக் கதவடைக்காமல், உரிய வங்கிக்கு அக்கணமே அறிவித்து, அழைத்த இலக்கத்தையும் செய்திகளையும் அழிக்காமல் வைத்துப் பொலிஸில் முறையிட வேண்டும். ஏமாந்தவர் நாணும் ஒவ்வொரு வீடும் மோசடிக்காரனின் அடுத்த வீட்டுக்கு வழிவிடுகிறது.

இவற்றைத் தனியொரு பெண்ணின் துணிவுக்கு விட்டுவிடுதல் ஆகாது. மாதர் சங்கத்திலும் கமக்காரர் அமைப்பிலும் இவை பேசப்பட வேண்டும். எமது பாடசாலையிலே சில ஆசிரியர்கள் சேர்ந்து ஓர் எளிய வேலையைத் தொடங்கியுள்ளோம். பெற்றோர் கொண்டுவரும் கடன் பத்திரங்களை வாசித்துத் தமிழில் விளக்குகிறோம். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கொப்பி வைக்கச் சொல்கிறோம். யாரிடம் வாங்கியது, எந்த நாள், முதல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, கட்டியது எவ்வளவு என்று பிள்ளைகளே அதில் எழுதுகின்றனர், பற்றுச்சீட்டுகளை ஒட்டுகின்றனர். கடன் தீர்ந்தால் தீர்ந்ததென்று கடிதம் கேட்டு வாங்குமாறு வற்புறுத்துகிறோம். கொப்பி கடனைக் குறைக்காது என்பதை நாம் அறிவோம். மலிவான கடன் தரும் கூட்டுறவுச் சங்கமும், நெல்லுக்கு நியாய விலையும், இளைஞருக்கு வேலையும் வரும்வரை கடன் இருக்கவே செய்யும். ஆனால் அவற்றுக்காகப் போராடுவோர் தம் கணக்கைத் தாமே அறிந்தவராய் இருத்தல் வேண்டும்.

அந்தத் தாய்க்கு மூன்றாம் முறையும் அழைப்பு வந்தது. கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு மகளே பேசினாள். ஒப்பந்த இலக்கத்தைக் கேட்டாள். எழுத்திலே அனுப்புங்கள் என்றாள். மறுமுனையில் முதலில் வசை வந்தது. பின்னர் அழைப்பு அறுந்தது. போன 18,000 ரூபா இன்னும் திரும்பவில்லை. தோடும் அடகிலேயே இருக்கிறது. எனினும் அவ்வீட்டின் கடன் எவ்வளவு என்பதை இனி வேறெவரும் வந்து சொல்லத் தேவையில்லை. குளத்து நீரைப் போல அதுவும் அளவுகோலுக்குள் வந்துவிட்டது. எத்தனை வீடுகளில் அந்த அளவுகோலை நாட்டப் போகிறோம் என்பதே ஆசிரியராகவும் மாணவராகவும் உள்ள நம் முன் நிற்கும் கேள்வி.